தேய்பிறை அஷ்டமியில் ஹன்லே மடம்: டார்ச் அடிக்காமல் எடுத்த இரவுப்படம் (நிகழ்வு ஆய்வு)

லடாக்கின் ஹன்லே பௌத்த மடத்தை இரவில் எடுத்த படங்களைத் தேடினால் பெரும்பாலும் இரண்டு வகைதான் கிடைக்கும். ஒன்றில் பால்வீதி பொங்கி நிற்கும். அதன் கீழே மடம் வெறும் கறுப்பு வடிவமாக இருக்கும். அது மடமா, பாறையா, தண்ணீர்த் தொட்டியா என்று சொல்ல முடியாது. மற்றதில் யாரோ சுவரின் மேல் டார்ச் அடித்திருப்பார்கள். மடம் தெரியும்; ஆனால் கல்யாண மண்டப முகப்பைப் போல மஞ்சளாகத் தெரியும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா என்று பார்க்கத்தான் எங்கள் சிறு குழு ஒரு செப்டம்பரில் ஹன்லே போனது. நிபந்தனை ஒன்றுதான்: நாங்களாக ஒரு துளி வெளிச்சமும் சேர்க்கக் கூடாது. கிடைத்த விடை கேமராவிலோ லென்ஸிலோ இல்லை, நாங்கள் போன திதியில் இருந்தது. இரவு வானம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அமாவாசைக்குப் போகிறார்கள். இந்தப் படத்துக்கு அமாவாசை தோதான நாள் அல்ல.

இடமும் அதன் கட்டுப்பாடும்

ஹன்லே லடாக்கின் கிழக்குக் கோடியில், சாங்தாங் பீடபூமியில், கடல்மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. லேயிலிருந்து சிந்து நதியைத் தொடர்ந்து உப்ஷி, சுமாதாங், மாஹே, நியோமா, லோமா என்று போனால் ஒரு பகல் முழுக்கப் பயணம். எல்லையோரப் பகுதி என்பதால் இந்தியர்களுக்கும் முன் அனுமதி வேண்டும். ராணுவ நிலைகளைப் படமெடுக்கக் கூடாது. ட்ரோன் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மடம் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, திபெத்திய பௌத்தத்தின் துருக்பா காக்யு மரபினுடையது. லடாக் மன்னர் செங்கே நம்கியாலின் ஆதரவில் எழுந்தது. அந்த மன்னர் 1642-இல் இறந்ததும் ஹன்லேயில்தான். லடாக்கையும் திபெத்தையும் இணைத்த பழைய வணிகப் பாதையில் இருந்த ஊர் இது. மடம் ஒரு குன்றின் முதுகில் ஏறி நிற்கிறது. சுற்றிலும் அகன்ற சமவெளி. படமெடுப்பவருக்கு இது பெரிய சாதகம்: குன்றைச் சுற்றி நடந்து, எந்தத் திசை வானத்தின் முன்னாலும் மடத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

அதே சமவெளியில் எழும் திக்பா-ரத்சா ரி என்ற இன்னொரு மலையில், 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2 மீட்டர் இமாலயன் சந்திரா தொலைநோக்கி 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் முதல் ஒளியைக் கண்டது. பெங்களூரு அருகே ஹொஸ்கோட்டேயில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் வழியாக அதை இயக்குகிறார்கள். பக்கத்திலேயே, 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கி. விண்ணிலிருந்து வரும் காமா கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது சில நானோ நொடிகள் மட்டும் தோன்றி மறையும் நீல ஒளியைப் பிடிப்பது அதன் வேலை. இப்படிப்பட்ட அண்டை வீட்டார் இருக்கும் இடத்தில் டார்ச் அடிப்பது அழகியல் பிரச்சினை மட்டும் அல்ல.

2022 டிசம்பரில் லடாக் நிர்வாகம் ஹன்லேயைச் சுற்றிய 1,073 சதுர கிலோமீட்டரை இருள்வானக் காப்பகமாக அறிவித்தது. வீட்டு விளக்குகளுக்கு மறைப்பு, ஜன்னலுக்குத் திரை, வாகனங்களின் முகப்பு விளக்குக்குக் கட்டுப்பாடு எல்லாம் அதன் பின் வந்தவை. சுற்றுக் குடியிருப்புகளைச் சேர்ந்த 24 பேருக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்து, வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டும் தொழிலை அமைத்துக் கொடுத்தார்கள். இருட்டு இங்கே தானாக மிஞ்சிக் கிடக்கும் பொருள் இல்லை. ஊர் மக்கள் தினமும் திரைபோட்டுக் காப்பாற்றுவது. விருந்தினராக வந்தவர் அதில் ஓட்டை போடக் கூடாது என்பதே எங்கள் நிபந்தனைக்குக் காரணம்.

அமாவாசையில் என்ன சிக்கல்

நிலவில்லாத இரவிலும் தரை முழு இருட்டு அல்ல. நட்சத்திர ஒளியும், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் பச்சை நிற வான்மிளிர்வும் சேர்ந்து தரையில் விழுகின்றன. முழுநிலவொளியில் இது நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. இருந்தாலும் எஃப்/1.8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 1600 (சென்சாரின் உணர்திறன்) வைத்து இரண்டு, மூன்று நிமிடம் திறந்தால் சுவர் பதிவாகிவிடும்.

பதிவாகும், ஆனால் உயிர் இருக்காது. இந்த ஒளி வானத்தின் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் நிழல் என்பதே விழாது. மாடத்துக்கும் சுவருக்கும், படிக்கும் பாறைக்கும் வேறுபாடு மங்கிவிடும். நானூறு ஆண்டுகளாக அடுக்கடுக்காகக் கட்டிச் சேர்த்த கட்டடம் ஒரே தட்டையான சாம்பல் பரப்பாகிவிடும். டார்ச் அடிப்பவர்களின் கை ஏன் பரபரக்கிறது என்பதும் இதனால்தான். அவர்களுக்குத் தேவைப்படுவது வெளிச்சம் இல்லை, நிழல்.

நிழலை விழவைக்க நிலா வேண்டும். நிலா இருந்தால் பால்வீதி மங்கும். எனவே முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என்று எடுத்தாக வேண்டும். பலரும் வளர்பிறையின் தொடக்க நாட்களைத் தேர்ந்தெடுப்பார்கள்: மாலையில் மெல்லிய பிறை, அது மறைந்ததும் இருண்ட வானம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. செப்டம்பரில் மட்டும் இது காலை வாரிவிடும். அந்த மாதத்தில் வளர்பிறை நிலா துலாம், விருச்சிகம், தனுசு பக்கமே நடமாடுகிறது. பால்வீதியின் மையமும் தனுசில்தான். இரண்டும் ஒரே தென்மேற்கு மூலையில் நிற்க, கேமராவும் அங்கேயே பார்க்க, நிலவொளி மடத்தின் முதுகில் விழும். நமக்குத் தெரியும் சுவர் இன்னும் கறுக்கும்.

தேய்பிறை அஷ்டமி

கோகுலாஷ்டமி கொண்டாடும் வீடுகளில் இது தெரிந்த செய்தி: தேய்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவை ஒட்டித்தான் எழும். ஆவணிக்கு அடுத்த தேய்பிறை அஷ்டமி செப்டம்பர் நடுவில் வந்தால், ஹன்லேயில் கணக்கு இப்படி விழுகிறது.

வானியல் அந்தி முடிந்து முழு இருட்டு வருவது இரவு எட்டு மணி வாக்கில். அப்போது பால்வீதி மையம் தெற்கிலிருந்து மேற்காகச் சாய்ந்து, அடிவானத்துக்கு மேல் 22 பாகை (டிகிரி) சுமாரில் நிற்கும். ஒன்பதரைக்குள் அது 14 பாகைக்கு இறங்கிவிடும். பதினொன்றுக்கு முன் மறைந்தும் விடும். நிலா எழுவது பத்தே முக்கால் வாக்கில், வடகிழக்கில். நள்ளிரவுக்கு அது 13, 14 பாகை ஏறியிருக்கும். கேமரா தென்மேற்கைப் பார்த்து நிற்கிறது; நிலா அதற்கு நேர் பின்னால், சற்று இடதுபுறமாக வருகிறது. பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளி, முகப்பைக் காட்டி, நிழலையும் வலப்பக்கம் நீட்டும். சுவர் செங்குத்தாக நிற்பதால் தாழ்ந்த நிலாவின் ஒளியை அது நேருக்கு நேர் வாங்கிக்கொள்ளும். நிலா இன்னும் மேலே ஏறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மணிக்கணக்கு ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும், அமைப்பு மாறாது.

அட்சரேகை பற்றி ஒரு வார்த்தை. இதே வானியற்பியல் நிறுவனத்தின், தமிழ்நாட்டிலுள்ள காவலூர் வானாய்வகத்திலிருந்து பார்த்தால் பால்வீதி மையம் உச்சத்தில் 48 பாகை வரை ஏறும். ஹன்லே 32.8 பாகை வடக்கில் இருப்பதால் அங்கே 28 பாகைக்கு மேல் போவதில்லை. தெற்கிலிருந்து போகிறவர்கள் முதலில் இதில் ஏமாந்துதான் போவார்கள், விருச்சிகம் இவ்வளவு கீழேயா என்று. ஆனால் கட்டடத்தோடு சேர்த்து எடுப்பவருக்கு இந்தத் தாழ்வு நல்லதுதான்: மடமும் மையமும் ஒரே சட்டகத்தில் நெருங்கி வருகின்றன. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதமே என்பதால், அவ்வளவு தாழ்விலும் பால்வீதி கலங்காமல் நிற்கிறது.

நிற்கும் இடம்

மடத்தின் வடகிழக்கில் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. எவ்வளவு தொலைவில்? குன்றை ஒட்டி நின்றால் மடமே மையத்தை மறைத்துவிடும். அதிகம் விலகினால் மடம் சிறுத்துவிடும். மடத்தின் உச்சி 9, 10 பாகை உயரத்தில் தெரியுமாறு நின்றோம். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஏறத்தாழ 10 பாகை. அதைவிடச் சிக்கலான கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. நிற்கும் தரையிலிருந்து உச்சி 100 மீட்டர் உயரம் என்றால் 600 மீட்டர் விலக வேண்டும்.

இடத்தைப் பகலில் பார்த்து வைப்பது இங்கே கட்டாயம். நாங்கள் தங்கிய வீட்டு ஆச்சே-லே (லடாக்கில் அக்காவை மரியாதையாக அப்படித்தான் அழைக்கிறார்கள்) சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னார்: “ராத்திரி புல் தெரியும் இடத்தில் கால் வைக்காதீர்கள். மேலே புல், கீழே தண்ணீர்.” ஹன்லே ஆற்றை ஒட்டிய சதுப்பு அது, கருங்கழுத்துக் கொக்குகள் கூடு கட்டும் இடம். கால் நனைவது நமக்குத் தொல்லை. இரவில் அங்கே ஆள் நடமாட்டம் அவற்றுக்கு அதைவிடத் தொல்லை. நாய்களைப் பற்றியும் அவரே எச்சரித்தார். தெருநாய்க் கூட்டங்கள் லடாக் முழுக்க உண்மையான ஆபத்து. தனியாக இருட்டில் நிற்க வேண்டாம் என்பதற்கு அது ஒன்றே போதும். மடத்துக்குப் பகலிலேயே போய், இரவில் வெளியே நின்று படமெடுக்கப் போவதைச் சொல்லிவிட்டு வந்தோம். கேட்காமலே அனுமதி கிடைத்துவிடும் என்ற நினைப்பு பயணிகளிடம் அதிகமாகத் தெரிகிறது. அங்கே துறவிகள் வாழ்கிறார்கள், தூங்குகிறார்கள்.

வானம்: எட்டு முதல் ஒன்பதரை

20 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டக சென்சார், 24 மெகாபிக்சல். பழைய ‘500 விதி’ (500-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுப்பது) இதற்கு 25 நொடி திறக்கலாம் என்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் அது தாராளம். இந்த அமைப்பில் ஒரு பிக்சலுக்கு 61 விகலை (ஒரு பாகைக்கு 3,600 விகலை). தனுசு பக்கத்து நட்சத்திரம் நொடிக்கு 13 விகலை நகரும். 25 நொடியில் ஐந்து பிக்சல் இழுபடும். பெரிதாக்கினால் எல்லா நட்சத்திரமும் அரிசி வடிவில் இருக்கும். 10 நொடிக்கு இரண்டு பிக்சல்தான். எனவே எஃப்/2, ஐஎஸ்ஓ 6400, 10 நொடி என்று இருபது படங்கள். அடுக்கிச் சேர்த்தால் இரைச்சல் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் பிசிறு) நான்கில் ஒரு பங்குக்கு வந்துவிடும். அடுக்கும்போது தரைப்பகுதி குழம்பிப்போகும். அதை எப்படியும் நள்ளிரவில் தனியாக எடுக்கப்போகிறோம்.

லென்ஸின் கவனத்தில் (ஃபோகஸ்) ஒரு வசதி உண்டு. 20 மி.மீ. லென்ஸில் எஃப்/2 வைத்தாலும் ஏழு மீட்டருக்கு அப்பால் இருப்பதெல்லாம் கூர்மைக்குள் வந்துவிடும். நட்சத்திரத்துக்கு வைத்த கவனம் மடத்துக்கும் பொருந்தும், மாற்ற வேண்டாம். ஆனால் வெப்பநிலை சட்டென்று இறங்கும்போது லென்ஸின் உலோகம் சுருங்கி, கவனம் தானே நகரும். நேரலைக் காட்சியில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அரைமணிக்கு ஒருமுறை சரிபார்த்தோம்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் சுணங்கும் உறுப்புகளில் விழித்திரையும் ஒன்று. இவ்வளவு உயரத்தில் இரவுப் பார்வை கொஞ்சம் மந்தமாகும். புதிதாக வந்தவருக்கு ‘நினைத்த அளவுக்கு நட்சத்திரம் இல்லையே’ என்று தோன்றினால் வானத்தின் மேல் பழி போட வேண்டாம். லேயில் சில நாள் உடம்பைப் பழக்கிவிட்டு வருவது உயிருக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது.

காத்திருப்பு

இந்த ஆய்வில் உண்மையிலேயே கடினமான பகுதி இதுதான். ஒன்பதரை முதல் நள்ளிரவு வரை ட்ரைபாட் ஒரு மில்லிமீட்டர்கூட அசையக் கூடாது. ஹன்லேயில் இரவுக் காற்று லேசானது அல்ல. நடுத்தண்டை உயர்த்தவில்லை, கால்களின் கடைசி மடிப்பை நீட்டவில்லை. பையை நடுவில் தொங்கவிடுவது வழக்கம். காற்றில் அந்தப் பையே ஊஞ்சலாடும் என்பதால், அதற்குப் பதிலாக மூன்று கால்களையும் கற்களால் அணைத்தோம். பேட்டரியை மாற்றினால் கேமரா நகரும். அதனால் வெளியிலிருந்து பவர்பேங்க் இணைத்து, அதைக் கம்பளித் துணியில் சுற்றி வைத்தோம். குளிரில் லித்தியம் பேட்டரி பாதியிலேயே கைவிடும். லென்ஸைச் சுற்றி வெப்பப்பட்டை. காற்று உலர்ந்ததுதான் என்றாலும், குனிந்து பார்ப்பவரின் மூச்சே கண்ணாடியில் உறைந்துவிடும்.

வண்டியில் போய் உட்காரலாம். ஆனால் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும், பூட்டினால் நான்கு இண்டிகேட்டரும் கண் சிமிட்டும். இரண்டையும் முன்கூட்டியே அணைத்துவைக்க வழி பார்த்துக்கொள்வது நல்லது. பச்சை லேசர் காட்டி நட்சத்திரம் சொல்லிக்கொடுக்கும் ஆசையும் வேண்டாம்.

இந்த இடைவெளியில் இரண்டாவது கேமராவை வடக்கே திருப்பினோம். துருவ நட்சத்திரம் 33 பாகையில் நிற்கிறது. வடக்கு அடிவானத்தில் இளஞ்சிவப்புச் சாயல் தெரிந்தால் அதை நிறக்கோளாறு என்று அழித்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. 2024 மே 10, 11 இரவில் வந்த பெரும் சூரியப் புயலின்போது ஹன்லேயின் முழுவானக் கேமராக்கள் சிவப்பு வானொளியை (அரோரா வகை ஒளி) பதிவு செய்தன. மேலடுக்கு ஆக்சிஜன் 630 நானோமீட்டரில் உமிழும் சிவப்பு அது. முந்தைய ஆண்டும் அப்படி நிகழ்ந்தது. எங்கள் இரவில் பச்சை வான்மிளிர்வு மட்டும்தான், மெல்லிய பட்டைகளாக.

சுவர்: நள்ளிரவு

அரைநிலா முழுநிலவில் பாதி வெளிச்சம் தரும் என்று நினைப்பது இயல்பு. பத்தில் ஒரு பங்குதான் தரும். முழுநிலவன்று நிலாவின் தரையில் நிழலே தெரிவதில்லை, அரைநிலாவில் பள்ளங்களெல்லாம் நிழலில் கிடக்கின்றன. எஃப்/2.8, ஐஎஸ்ஓ 800, ஒரு நிமிடம். இப்படி ஐந்தாறு படங்கள். சுவரின் மேடுபள்ளம், படிக்கட்டின் வளைவு, ஜன்னல் குழிவு எல்லாம் நிழலோடு வந்தன. பிரார்த்தனைக் கொடிகள் காற்றில் அடித்துக் கலங்கலாகப் பதிவாகின. அவற்றைக் கூர்மையாக்க எதுவும் செய்யவில்லை.

எதிர்பார்க்க வேண்டிய ஒரு தொல்லை: நிலா பின்னால் தாழ்வாக இருப்பதால் நம் நிழலும் ட்ரைபாடின் நிழலும் ஏழெட்டு மீட்டர் நீண்டு, சட்டகத்தின் வலது கீழ் ஓரத்தை எட்டும். ஆட்கள் தள்ளி நிற்கலாம், ட்ரைபாடால் முடியாது. ஆகவே சட்டகத்தின் அடிப்பகுதியில் வெட்டிவிட இடம் விட்டுத்தான் எட்டு மணிக்கே அமைத்திருந்தோம்.

சேர்ப்பது

நிலவொளி சூரிய ஒளியைவிடச் சற்று மஞ்சள். அதனால் வானத்துக்கும் சுவருக்கும் ஏறத்தாழ 4,000 கெல்வின் அளவில் ஒரே ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) போதுமானதாக இருந்தது. இரவு என்றால் நீலம் என்று எல்லாவற்றையும் நீலத்தில் முக்குவது ஒரு வழக்கம். எனக்கு அது சினிமாப் பழக்கமாகவே படுகிறது.

நிலவொளியில் எடுத்த சுவர், ரா கோப்பைத் (கேமராவின் பதப்படுத்தாத மூலப்பதிவு) திறந்ததும் பகல் போலத்தான் இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் படம் பொய்யாகத் தெரியும். சுவரை இரண்டு ஸ்டாப் (அதாவது கால் பங்கு வெளிச்சத்துக்கு) இறக்கியபின்தான் இரண்டும் ஒரே இரவைச் சேர்ந்தவையாகத் தெரிந்தன. ஒட்டும் கோட்டில் கட்டடத்தின் நேர்விளிம்பு தொல்லை தரவில்லை. கொடிக்கம்பங்களும் கலங்கிய கொடிகளும்தான் நேரத்தைத் தின்றன. அங்கே முகமூடியை (மாஸ்க்: எந்தப் பகுதி எந்தப் பதிவிலிருந்து என்று பிரிக்கும் எல்லை) கையால் வரைவதைத் தவிர வழியில்லை.

அடுத்த கேள்வி, இது நேர்மையான படமா? இரண்டு நேரங்கள், ஒரே இடம், ஒரே லென்ஸ், ஒரே திசை. சுவரில் விழும் ஒளி அந்த இரவின் நிலாவுடையது, வானம் அந்த இரவின் வானம். ஆனால் ஒரே கணத்தில் இரண்டையும் யாரும் கண்ணால் பார்த்திருக்க முடியாது: நிலா சுவரைத் தொட்டபோது பால்வீதி மையம் மறைந்துவிட்டது. எனவே படத்தின் கீழே ‘வானம் இரவு 8.20, மடம் நள்ளிரவு 12.05, இரண்டு பதிவுகளின் சேர்க்கை’ என்று போடுகிறோம். ஒற்றைப் பதிவு மட்டும் கேட்கும் போட்டிகளுக்கு இதை அனுப்பக் கூடாது. டார்ச் அடித்து ஒரே பதிவில் எடுத்த படத்துக்கு அந்தத் தகுதி உண்டு என்பது வேடிக்கைதான். எது அந்த இடத்துக்கு அதிகம் உண்மையானது என்று கேட்டால் என் வாக்கு சேர்க்கைக்கே.

வேறு மாதங்களில்

ஜூலை, ஆகஸ்டில் மையம் இன்னும் வாகாக நிற்கும். ஹன்லே மழைமறைவுப் பகுதிதான், ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் மழையும் பனியும் 10 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஆனாலும் மேகம் அப்போது அடிக்கடி எட்டிப் பார்க்கும். அக்டோபரில் வானம் துப்புரவாக இருக்கும், மையம் அந்தியோடு இறங்கிவிடும்.

ஏப்ரலில் இதே கணக்கு கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்புகிறது. பால்வீதி மையம் நள்ளிரவை ஒட்டித் தென்கிழக்கில் எழுகிறது. ராமநவமிக்கு முந்தின வளர்பிறை அஷ்டமியின் அரைநிலா, வடமேற்கில் இறங்கி இரவு ஒன்றரை வாக்கில் மறைகிறது. அப்போது மடத்தின் வடமேற்கில் நின்று, முதலில் சுவரையும் இரண்டு மணிக்கு மேல் வானத்தையும் எடுக்க வேண்டும். காத்திருப்பு அரைமணிக்குச் சுருங்கிவிடும், ட்ரைபாட் கவலையும் அந்த அளவு குறையும். குளிர் மட்டும் செப்டம்பரைவிடக் கடுமை. பவர்பேங்க் இரண்டாக எடுத்துப் போக வேண்டும்.